பிரசவத்துக்கு இங்கேயே இருப்பதா, ஊருக்குப் போவதா, அம்மாவை வரவழைப்பதா?

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் நாங்கள் வேலை பார்க்கும் நாட்டில் பிறந்தாள், சின்னவன் சொந்த நாட்டில் பிறந்தான். அதனால் கர்ப்பமாக இருக்கும் தோழிகள் யாராவது மாதத்துக்கு ஒருத்தி "எது நல்லது, நீ சொல்லு" என்று கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு இடத்திலும் பிரசவம் நன்றாகத்தான் நடந்தது. நாங்கள் முடிவெடுத்த விதம்தான் இரண்டு முறையும் கோணல். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி கொடுப்பார்களா, கணவரை உள்ளே விடுவார்களா என்று பிரசவ நாளையே சுற்றிச் சுற்றி யோசித்தோம். அது ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதற்கு முந்தைய எட்டு வாரத்தையும் பிந்தைய பன்னிரண்டு வாரத்தையும் யாருமே கணக்கில் சேர்க்கவில்லை. எங்களை வாட்டியதெல்லாம் அங்கேதான் இருந்தது.

இருக்கும் வழிகள் நான்கு. இருக்கும் நாட்டிலேயே நீங்கள் இருவரும் மட்டும் சமாளிப்பது. அங்கேயே இருந்துகொண்டு அம்மாவையோ மாமியாரையோ அக்காவையோ வரவழைப்பது. ஏழாம் எட்டாம் மாதத்தில் சொந்த நாட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு திரும்புவது. நான்காவது, பாஸ்போர்ட்டுக்காக மூன்றாவது ஒரு நாட்டுக்குப் போவது. இந்த நான்காவதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கப்போவதில்லை. தெரிந்த முகம் இல்லாத ஊரில், காப்பீடு இல்லாமல், பச்சை உடம்போடு ஹோட்டல் அறையில் கிடப்பதற்கு எந்த பாஸ்போர்ட்டும் ஈடில்லை என்பது என் கருத்து. மேலும் அமெரிக்கா 2020 ஜனவரியிலேயே, குழந்தைக்குக் குடியுரிமை வாங்குவதுதான் பயணத்தின் முக்கிய நோக்கம் என்று தெரிந்தால் சுற்றுலா விசாவை மறுக்கலாம் என்று விதி போட்டுவிட்டது.

ஆனாலும் குடியுரிமையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் பேச்சு அங்கேதான் தொடங்கும். "அங்கேயே பிறந்தா பிள்ளைக்கு அந்த ஊர் பாஸ்போர்ட் கிடைச்சிடுமே" என்று சொல்லாத உறவினர் உண்டா? பெரும்பாலான நாடுகளில் அப்படிக் கிடைக்காது. மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்பது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் வழக்கம்: கனடா, மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா இப்படி. அமெரிக்காவில் 1868-இல் வந்த 14-ஆவது சட்டத்திருத்தம் அதைத் தந்தது. 2025 ஜனவரியில், தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு அதை மறுக்கும் அதிபர் ஆணை வந்து உடனே நீதிமன்றப் படி ஏறியது, ஆகவே அங்கே இருப்பவர்கள் போன வருடம் பெற்றவர்கள் சொல்வதை நம்பாமல் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1983 ஜனவரி 1 முதலும், ஆஸ்திரேலியாவில் 1986 ஆகஸ்ட் 20 முதலும், நியூசிலாந்தில் 2006 ஜனவரி 1 முதலும் அங்கே பிறந்தால் மட்டும் போதாது. தாய் தந்தையில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். அயர்லாந்து 2004-இல் வாக்கெடுப்பு நடத்தி 2005-இலிருந்து மாற்றிக்கொண்டது. ஜெர்மனியில் 2000-இலிருந்து வெளிநாட்டவரின் குழந்தைக்கும் பிறப்பிலேயே குடியுரிமை உண்டு, ஆனால் பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட ஆண்டுகள் சட்டப்படி வசித்து நிரந்தரத் தங்கும் உரிமையும் வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கு 8-ஆக இருந்து 2024 ஜூனில் 5-ஆகக் குறைந்தது. ஜப்பான், சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் பொதுவாகப் பெற்றோர் வழிதான். அதாவது வேலை விசாவில் இருக்கும் பலருக்கு எங்கே பெற்றாலும் குழந்தைக்கு அதே பாஸ்போர்ட்தான். இதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு சின்னத் திருப்பம் மட்டும் உண்டு. பிறந்தவுடன் கிடைக்காவிட்டாலும் பின்னால் உதவலாம். பிரிட்டனில் பிறந்த குழந்தையின் பெற்றோர் பிறகு நிரந்தர உரிமை பெற்றால் குழந்தையைக் குடிமகனாகப் பதிவு செய்யலாம், அல்லது குழந்தை முதல் பத்து வருடம் அங்கேயே வளர்ந்தாலும் செய்யலாம். அங்கேயே நீண்ட காலம் இருக்கப்போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

யாரும் கேட்காத கேள்வி இதற்கு மறுபக்கம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை உங்கள் சொந்த நாடு தன் பிள்ளையாக ஏற்க என்ன கேட்கிறது? இந்தியக் குடிமக்களின் குழந்தை 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்தால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வரை போகும். இலங்கையிலும் ஒரு வருடக் கெடு உண்டு. மலேசியச் சட்டப்படி, வெளிநாட்டில் பெற்ற தாயின் குடியுரிமை குழந்தைக்குத் தானாக வராது, தந்தையுடையதுதான் வரும் என்ற நிலை பல வருடம் இருந்தது. வெளிநாட்டுக்காரரை மணந்த மலேசியப் பெண்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியதற்கு அதுவே காரணம். 2024-இல்தான் அதை மாற்றும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாக பிரிட்டிஷ் ஆனவர் மறுபடியும் வெளிநாட்டில் பெற்றால் பிள்ளைக்கு அது பொதுவாகத் தானாக இறங்காது. இந்த மாதிரி நிலையில் இருப்பவர்களுக்கு இடம் பற்றிய முடிவு சட்டத்தாலேயே ஆகிவிடுகிறது.

சரி, பயணத்துக்கு வருவோம். ஊருக்குப் போவது என்றால் எப்போது போவது என்பதை உங்கள் டாக்டரைவிட விமான நிறுவனம்தான் முடிவு செய்யும். பல நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கும், ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரையிலும் இரட்டை என்றால் 32 வாரம் வரையிலும் ஏற்றிக்கொள்ளும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். இடையில் விமானம் மாறி வேறு நிறுவனத்தில் ஏறினால் அவர்கள் விதியும் பொருந்தும். எனக்கு 31 வாரம். கடிதம் கையில் இருக்கிறது என்ற தெம்பில் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் அதை வாங்கி, மேசைக் காலண்டரில் பேனா முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினாள். கடிதம் எழுதி 12 நாள் ஆகியிருந்தது, அவர்கள் விதிப்படி 7 நாளுக்குள் இருக்க வேண்டுமாம். என் பெட்டி தராசில் இருந்து மறுபடி தரைக்கு இறங்கியது. விமான நிலைய மருத்துவ அறையில் இருந்த டாக்டர் இழுப்பறையில் இருந்து ஒரு அட்டைச் சக்கரத்தை எடுத்து, கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்டு அதைத் திருப்பி, வாரத்தைப் பார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து, புதுக் கடிதம் எழுதித் தந்தார். அந்த நாற்பது நிமிடம் எனக்கு நாற்பது வருடம். கடிதம் எத்தனை நாள் செல்லும், அதில் வாரமும் பிரசவ தேதியும் "பயணம் செய்யத் தகுதி" என்ற வரியும் இருக்க வேண்டுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நீண்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கர்ப்பத்தில் கூடுதல். இறுக்கமான காலுறை, நடுநடுவே நடை, நிறையத் தண்ணீர், ஓரத்து இருக்கை. இதெல்லாம் உங்கள் டாக்டரே சொல்வார்.

டாக்டர் சொல்லாதது கணக்கு. 30 வாரத்தில் கிளம்புகிறீர்கள், 40-இல் குழந்தை. அப்புறம் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அதன் பிறகு குழந்தைக்குத் திரும்பி வர விசா. குழந்தைக்கு பத்து பன்னிரண்டு வாரமாகும்போது திரும்பினால் மொத்தம் ஐந்து மாதம் வெளியே இருந்திருப்பீர்கள். ஏதாவது ஒரு தாள் தாமதமானால் ஆறு. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் போன்ற இடங்களில் ஆறு மாதம் வெளியே இருந்தால் சாதாரண வசிப்பு விசாவே காலாவதியாகும். பிரிட்டனில் நிரந்தர உரிமைக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் கணக்கு உடையலாம். மாறாக அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டு வைத்திருக்கும் தாய் தற்காலிகமாக வெளிநாட்டில் இருக்கும்போது பெற்றால், இரண்டு வயதுக்குள், அவள் முதன்முறை திரும்பும்போது கூடவே அழைத்து வரும் குழந்தைக்கு விசா தேவையில்லை. இப்படி ஒரு வரி விதி ஒரு குடும்பத்தின் ஆறு மாதத்தைத் தீர்மானிக்கிறது, ஆனால் நாமோ எந்த ஆஸ்பத்திரியில் அறை பெரிசு என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

குழந்தை நம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பத்தில் ஒரு குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறது. ஊருக்குப் போகும் திட்டம் இருந்தாலும், போவதற்கு முன்பே வலி வந்தால் இருக்கும் நாட்டில் எங்கே போவது, எதுவரை காப்பீடு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதாவது இரண்டு இடத்திலும் தயாராக இருக்க வேண்டும். இந்த இரட்டை வேலையை யாரும் சொல்வதில்லை.

மருத்துவத்தில் நான் ஒப்பிட்டுப் பார்த்தது இதுதான்: தரத்தைவிடப் பழக்கம்தான் நம்மை அதிகம் படுத்துகிறது. பிரிட்டன், நெதர்லாந்து, நியூசிலாந்து மாதிரி இடங்களில் சிக்கல் இல்லாத கர்ப்பத்தை மிட்வைஃப், அதாவது பயிற்சி பெற்ற பிரசவத் தாதிதான் பார்ப்பார், டாக்டர் முகமே தெரியாமல் பிரசவம் முடிந்துவிடலாம். பிரிட்டனில் வழக்கமான ஸ்கேன் இரண்டுதான், 12 வாரத்தை ஒட்டி ஒன்று, 20-ஐ ஒட்டி ஒன்று. மாதாமாதம் ஸ்கேன் பார்த்துப் பழகிய குடும்பத்துக்கு இது அலட்சியமாகத் தெரியும். அது அலட்சியமில்லை, ஆனால் அதை ஏற்றுக்கொள்ள உங்களால் முடியுமா என்பது நியாயமான கேள்வி, ஏனென்றால் ஒன்பது மாதம் பயந்துகொண்டே இருப்பதும் ஒரு செலவு. சிசேரியன் விகிதம் இன்னொரு அளவுகோல்: பிரேசிலில் பாதிக்கு மேல், நெதர்லாந்து, நார்வே பக்கம் ஆறில் ஒன்று போல. உலக அளவில் ஐந்தில் ஒன்று. நாட்டுச் சராசரியை விடுங்கள், நீங்கள் போகப்போகும் ஆஸ்பத்திரியின் விகிதத்தைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

நடுவில் இடம் மாறுவதுதான் உண்மையான ஆபத்து. கோப்பு மாறும்போது விஷயங்கள் விழுந்துவிடும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு கிளம்பாமல் தடுக்க 28 வாரத்தை ஒட்டிப் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி சரியாகப் பயண நேரத்தில் வரும். 36 வாரத்தை ஒட்டி எடுக்கும் 'குரூப் பி ஸ்ட்ரெப்' கிருமிப் பரிசோதனை அமெரிக்காவில் எல்லோருக்கும் உண்டு, பிரிட்டனில் எல்லோருக்கும் செய்வதில்லை. நீங்கள் கேட்காவிட்டால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் அது காணாமல் போகும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் 33 வாரத்தில் எடுத்த ஸ்கேனை வைத்து என் பிரசவ தேதியை ஒன்பது நாள் முன்னால் இழுத்து எழுதிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். 39 வாரம் தாண்டிய பிறகு "டேட் முடியப்போகுது, நாளைக்கு அட்மிட் ஆயிடுங்க, வலி வர மருந்து வைக்கலாம்" என்றபோதுதான் அவர்கள் கணக்கும் என் கணக்கும் வேறு என்று உறைத்தது. கைப்பையில் இருந்த 12 வார ஸ்கேனை எடுத்துக் காட்டினேன். முதல் மூன்று மாதத்து ஸ்கேனில் வரும் தேதிதான் நம்பத்தக்கது, கடைசி மாதங்களில் குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி வேறுபடுவதால் அப்போது தேதியை மாற்றக்கூடாது. டாக்டர் அம்மா கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பழைய தேதியை எழுதிச் சுழித்தார். ஆறு நாள் கழித்துத் தானாகவே வலி வந்தது. அந்த ஸ்கேன் பெட்டிக்குள் போயிருந்தால், அல்லது பழைய ஆஸ்பத்திரியின் செயலியில் மட்டும் இருந்திருந்தால்? எல்லாவற்றையும் தாளில் வாங்கி, கையோடு எடுத்துப் போங்கள்.

இரட்டைக் குழந்தை, சர்க்கரை, ரத்த அழுத்தம், முந்தைய குறைப்பிரசவம் என்று ஏதாவது இருந்தால் என் யோசனை ஒன்றுதான்: கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருங்கள். அம்மாவை வரவழைப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டாலும் சரி.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் பேசும் மொழி, முதல் பிரசவத்தில் வலி உச்சத்துக்குப் போன நிமிடம் என்னை விட்டு ஓடிவிட்டது. மிட்வைஃப் குனிந்து முகத்துக்கு நேராக ஒரு சின்ன வாக்கியத்தை மறுபடி மறுபடி சொன்னார். நான் முழுப் பலத்தோடு தள்ளினேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தது "இப்போது தள்ளாதே" என்பது. பக்கத்தில் கணவர் தமிழில் கத்திய பிறகுதான் புரிந்தது. பல நாடுகளில் ஆஸ்பத்திரியே மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும், ஆனால் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பத்துச் சொல்லை மட்டுமாவது அந்த மொழியில் பழகி வையுங்கள், அதில் "தள்ளு", "தள்ளாதே", "மூச்சை விடு" மூன்றும் இருக்கட்டும்.

காப்பீட்டில் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் காத்திருப்புக் காலம். தனியார் திட்டங்கள் பலவற்றில் மகப்பேறுக்குப் பத்து, பன்னிரண்டு மாதம், சிலவற்றில் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அதாவது கர்ப்பம் தெரிந்த பிறகு எடுத்தால் பயனே இல்லை. பயணக் காப்பீடு சாதாரணப் பிரசவத்துக்குத் தராது. வேலை பார்க்கும் நாட்டின் காப்பீடு சொந்த நாட்டில் அவசரத்துக்கு மட்டும்தான் என்று இருக்கும், திட்டமிட்டுப் போய்ப் பெற்றுக்கொள்வது அவசரம் ஆகாது. எனவே ஊருக்குப் போவது என்றால் பெரும்பாலும் கைக்காசு. இருக்கும் நாட்டில் என்றால் நாட்டைப் பொறுத்தது: பிரிட்டனில் விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியவர்களுக்கு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் பிரசவத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு இங்கிலாந்தில் வழக்கமான கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு. அமெரிக்காவில் அலுவலகக் காப்பீட்டில் குழந்தையைப் பிறந்த 30 நாளுக்குள் சேர்த்தாக வேண்டும், சேர்த்தால் பிறந்த நாளிலிருந்து செல்லும். தாயின் பில் வேறு, குழந்தையின் பில் வேறு என்பது அங்கே பலருக்கு வீட்டுக்கு வந்த உறையைப் பிரித்த பிறகுதான் தெரிகிறது. குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தால் யார் கட்டுவது, எதுவரை கட்டுவார்கள் என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இப்போது வீட்டுக்குத் திரும்பிய பிறகு. முதல் பிரசவத்தில் நாங்கள் இருவர் மட்டும். நான்காம் நாள் ராத்திரி மூன்று மணி, மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டது, குழந்தை வாய் வைக்க முடியாமல் வீறிட்டு அழுகிறது, நானும் அழுகிறேன், கணவர் வெந்நீரில் துணியை முக்கிக்கொண்டே ஒரு கையால் போனில் தேடிக்கொண்டிருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கே வந்த மிட்வைஃப் குழந்தையின் தலையைக் கொஞ்சம் சாய்த்து, முகவாயை என் பக்கம் திருப்பி, பத்தே நிமிடத்தில் சரி செய்துவிட்டுப் போனார். அந்த நாட்டில் வீட்டுக்கு வரும் வழக்கம் இருந்ததால் பிழைத்தோம். நெதர்லாந்தில் பிரசவத்துக்குப் பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் தினமும் சில மணி நேரம் பயிற்சி பெற்ற உதவியாளர் வீட்டில் இருப்பார், அடிப்படைக் காப்பீட்டிலேயே அது வருகிறது. வேறு பல இடங்களில் இரண்டாம் நாள் கையில் குழந்தையையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டு ஆறு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். முதல் ஆறு வாரத்தில் குறைந்தது மூன்று முறை தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் இடத்தில் எத்தனை முறை, யார் வருவார்கள் என்று கேளுங்கள். பிரசவித்த பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மனநலச் சிக்கல், முக்கியமாக மனச்சோர்வு, வருவதாக அதே நிறுவனம் சொல்கிறது. தனியாக இருக்கும் வீட்டில் அதை முதலில் கவனிக்க வேறு ஒரு ஆள் கூட இருக்காது.

இரண்டாவது முறை ஊரில் கைக்கு ஆறு பேர். தூங்கினேன், சாப்பிட்டேன், பெரியவளை யாரோ பார்த்துக்கொண்டார்கள். யோசனையும் ஆறு பேரிடமிருந்தும் வந்தது என்பது வேறு கதை. ஆனால் கணவர் பத்து நாள் இருந்துவிட்டுப் போனார், அதன் பிறகு பதினோரு வாரம் சின்னவனைப் போன் திரையில்தான் பார்த்தார். நாங்கள் திரும்பிய அன்று விமான நிலையத்தில் அவர் கையில் கொடுத்ததும் பிள்ளை உதட்டைப் பிதுக்கி வீறிட்டான், அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் திருப்பித் தந்தார். கார் ஓட்டும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது, அவருக்குத்தான் நாளானது. ஊருக்குப் போவதில் மிகப் பெரிய செலவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவருடைய விடுப்பு எத்தனை நாள், அதைப் பிரித்து எடுக்க முடியுமா என்று பாருங்கள்; பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து தந்தையின் இரண்டு வார விடுப்பை ஒவ்வொரு வாரமாகத் தனித்தனியாகவும் எடுக்கலாம். ஜெர்மனியில் பெற்றோர் உதவித்தொகை வாங்க அங்கேயே குழந்தையோடு ஒரே வீட்டில் வசிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஊரில் இருக்க நினைப்பவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவை வரவழைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற, அதனாலேயே யாரும் சரியாக யோசிக்காத வழி. நான் பார்த்தவரை இதுதான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் விசா கிடைக்க எத்தனை வாரம், ஒரு முறை வந்தால் எத்தனை நாள் தங்கலாம், அறுபது தாண்டியவருக்கு ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்துக் காப்பீடு கிடைக்குமா என்பதை ஐந்தாம் மாதத்திலேயே பார்க்க வேண்டும். வந்த முதல் வாரம் அவருக்கு நேரம் மாறித் தூக்கம் இருக்காது, அடுப்பு புரியாது, கதவைத் தட்டுகிறவன் என்ன கேட்கிறான் என்று தெரியாது. பச்சிளம் குழந்தையோடு அம்மாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் நிலை வரும். எனவே ஒன்று, பிரசவ தேதிக்கு மூன்று வாரம் முன்பே வரட்டும். இல்லாவிட்டால் கணவரின் விடுப்பு முடிகிற வாரத்துக்கு வரட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடி, ஒரே நேரத்தில் கிளம்பிப்போய், ஆறாம் வாரத்தில் நீங்கள் தனியாக நிற்பதுதான் மோசமான ஏற்பாடு. இரண்டு பாட்டிகளும் வரக்கூடியவர்கள் என்றால் ஒருவர் பின் ஒருவராக வரச் சொல்லுங்கள், சேர்த்து வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும்.

காகிதங்களில் நிறைய நேரத்தைத் தின்றது புகைப்படம். பிறந்து பதினைந்து நாள் ஆன குழந்தை கண்ணைத் திறந்து, வாயை மூடி, நேராகப் பார்க்க வேண்டுமாம். வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, அதன் மேல் கிடத்தி, நான் நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து எடுத்தேன்; நிழல் விழுந்தது, கொட்டாவி விட்டான், என் அம்மாவின் விரல் உள்ளே வந்தது, அறுபது படத்தில் ஒன்று தேறியது. மற்றபடி பிறப்புச் சான்றிதழில் தாய் தந்தை பெயர் இருக்கும் முழு வடிவத்தையே வாங்குங்கள், பிரிட்டன் போன்ற இடங்களில் பெயர் இல்லாத சுருக்க வடிவமும் உண்டு, அது பாஸ்போர்ட்டுக்கு உதவாது. குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லாதவர்கள் குழந்தையின் பெயரை எந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று பிரசவத்துக்கு முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள், பதிவு அலுவலக ஜன்னலில் நின்று பேச வேண்டாம். ஒரு நாட்டுச் சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்ல, அது உண்மையானதுதான் என்று உறுதி சொல்லும் அப்போஸ்டில் முத்திரை கேட்கலாம். அந்த முத்திரையை ஏற்கும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் தூதரகம் வழியாகச் சான்றொப்பம், அது இன்னும் இழுக்கும். இருக்கும் நாட்டிலேயே பெற்றாலும் குழந்தைக்கு அனுமதி வாங்கும் கெடு இருக்கலாம், அமீரகத்தில் அது பிறந்து 120 நாள்.

தடுப்பூசி அட்டவணையும் நாட்டுக்கு நாடு ஒத்துப்போகாது. இந்தியாவில் 6, 10, 14 வாரம். பிரிட்டனில் 8, 12, 16. அமெரிக்காவில் 2, 4, 6 மாதம். ஒரு இடத்தில் தொடங்கி இன்னொரு இடத்தில் தொடர்வதில் தவறில்லை, ஆனால் அட்டையில் வணிகப் பெயரை மட்டும் கிறுக்கித் தராமல் எந்த நோய்க்கான ஊசி, என்ன தேதி என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

போன வாரம் கேட்ட தோழிக்கு நான் எது நல்லது என்று சொல்லவே இல்லை. ஒரு தாளில் 28-ஆம் வாரத்திலிருந்து குழந்தைக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும்வரை தேதிகளை எழுதச் சொன்னேன். விமானக் கெடு, அவள் விடுப்பு, கணவர் விடுப்பு, விசா முடியும் நாள், பாஸ்போர்ட் வரக்கூடிய நாள். ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே ராத்திரி மூன்று மணிக்கு வீட்டில் யார் இருப்பார் என்று ஒரு பெயர். ஊருக்குப் போகும் திட்டத்தில் பெயர்கள் எல்லாம் நிரம்பின. ஆனால் குழந்தையின் விசா வருவதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் அவளும் குழந்தையும் எந்த விசாவில் திரும்புவார்கள் என்று இருவருக்குமே பதில் இல்லை. இங்கேயே இருக்கும் திட்டத்தில் மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை கட்டங்கள் காலி. அந்தக் காலியில் அம்மா பெயரை எழுதிவிட்டாள். அம்மாவுக்கு விசா நேர்காணல் வருகிற செவ்வாய்க்கிழமை.